நிலைபேற்றுக் கட்சியின் மணி

"மணியக் காணோமுங்க."

சேனாபதி இதைச் சத்தமாகச் சொல்லவில்லை. வீட்டுக்குள்ளிருந்து கராஜுக்கு இறங்கும் கதவருகே, செருப்பு அடுக்குக்குப் பக்கத்தில் வெறுங்கையோடு நின்று சொன்னார். ஆனாலும் மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்திருந்த எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள்.

சனிக்கிழமை, பிற்பகல் மூன்றரை மணி. ஃப்ரீமான்ட்டில், மௌரி அவென்யூவிலிருந்து இரண்டு தெரு தள்ளியிருந்த அந்த கராஜில், பொருநைக் கூட்டாட்சியின் ஆளுங்கட்சி கூடியிருந்தது.

பொருநை எந்த வரைபடத்திலும் கிடையாது. கோவிட் அடைப்புக் காலத்தில், ஸூமில் அரட்டையடித்துச் சலித்துப்போன பே ஏரியாத் தமிழர்கள் சிலர் சேர்ந்து உண்டாக்கிய நாடு அது. ஆறு மாநிலங்கள், ஓர் அரசியல் சட்டம், ஒரு கொடி, ஓயாத ஒரு நதிநீர்த் தகராறு. இன்று நாற்பது குடும்பங்கள் அதன் குடிமக்கள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை லைப்ரரி ஹாலில் நாடாளுமன்றம் கூடும். கிரீன் கார்டு வரிசையில் பத்துப் பன்னிரண்டு வருடமாக நிற்பவர்களுக்கு இங்கேயும் ஓட்டில்லை, ஊரில் போய்ப் போடவும் வழியில்லை. பொருநையில் மட்டும் உண்டு. விளையாட்டுதான். ஆனால் யாரும் அதை விளையாட்டு என்று சொல்வதில்லை.

ஆட்சியில் இருந்தது நிலைபேற்றுக் கட்சி. எதையும் அவசரப்பட்டு மாற்றாதே என்பது அதன் கொள்கை. சேனாபதி கட்சித் தலைவர், நாட்டின் பிரதமர். நிஜத்தில் ஒரு சிப் கம்பெனியில் டைரக்டர். அந்தக் கட்சியே ஆசையாகக் கொண்டுவந்த சட்டம் ஒன்று இருந்தது: அவை மணி பிரதமரின் பொறுப்பில் இருக்க வேண்டும், அவை கூடும்போது மணி மேசையில் இல்லாவிட்டால் ஆட்சி கலைந்தது என்று பொருள். கைப்பிடி வைத்த சின்னப் பித்தளை மணி. சேனாபதி அதைத் தன் வீட்டு சாமி அறையில் வைத்திருந்தார்.

மறுநாள் மதியம் இரண்டு மணிக்கு அவை.

"நல்லாத் தேடினேளா?" என்றார் சிவராமகிருஷ்ணன். அவர்தான் அவைத்தலைவர். எழுபது வயது. பொருநையின் அரசியல் சட்டத்தை எழுதியவர்.

"காத்தால சாமி கும்பிடறப்ப பாத்தனுங்க. இருந்துச்சு. இப்ப இல்ல."

விசாலாக்ஷி எழுந்தாள். அவள் கட்சியின் கொறடா. பிழைப்புக்கு ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் கிளெய்ம்களைக் கண்டுபிடிக்கும் வேலை. நின்றிருந்த காரை மரம் இடித்ததா, ஓடிய கார் மரத்தை இடித்ததா என்று பம்பரைப் பார்த்தே சொல்லிவிடுவாள். நாற்பது குடும்பங்களிலும் அவளுக்கு 'சி.பி.ஐ. அக்கா' என்று பெயர்.

"நான் உள்ள போய்ப் பாக்கறேன்" என்றாள்.

சாமி அறையைக் கண்டுபிடிக்க யாருக்கும் வழிகாட்டி தேவையில்லை. கராஜ் கதவைத் திறந்தால் ஒரு நடை. நடையின் கடைசியில் பாத்ரூம். அதற்கு முன்னால் வலப்பக்கம் சமையலறை, இடப்பக்கம் கண்ணாடிக் கதவு போட்ட சாமி அறை. பாத்ரூமுக்குப் போகிறவர்கள் முருகனைப் பார்க்காமல் போக முடியாது. விசாலாக்ஷியே சற்றுமுன் இடைவேளையில் அந்த வழியாகத்தான் போய் வந்தாள்.

அறை ஒழுங்காக இருந்தது. இரண்டு பித்தளைக் குத்துவிளக்குகள், ஒரு மண் தூபக்கால், வெள்ளிக் கற்பூரத் தட்டு. விளக்குகளில் வெள்ளிக்கிழமை வைத்த மஞ்சளும் குங்குமமும் காய்ந்து, ஓரம் உதிர ஆரம்பித்திருந்தன. தரை மட்டும் ஈரமாக இருந்தது. மணி இருந்த இடம் காலி.

எதிரே சமையலறையில் நாகரத்தினம் சிங்க்கைக் கழுவிக்கொண்டிருந்தார். சேனாபதியின் மனைவி. மாதாமாதம் கட்சிக்காரர்கள் அத்தனை பேருக்கும் சலிக்காமல் சமைத்துப் போடுகிறவர். அன்றும் எலுமிச்சை சாதம், தயிர் சாதம், உருளைக்கிழங்கு வறுவல்.

"அக்கா, யாராவது சாமி ரூமுக்குள்ள போனாங்களா?"

"நான் இங்கதான் இருந்தனுங்க. பாக்கல."

"பாத்ரூமுக்கு?"

"அதுக்கு எல்லாருந்தான் வந்தாங்க. நீங்க, அவைத்தலைவர் மாமா, மத்தவங்க."

சிங்க்கின் சல்லடையில் பிழிந்துபோட்ட புளிச் சக்கை கிடந்தது. ஜன்னல் வழியே பின்கட்டு தெரிந்தது: துளசித் தொட்டி, அதன் பக்கத்தில் ஒரு சிவப்பு வாளி, வாளியின் மேல் எவர்சில்வர் தட்டு. விசாலாக்ஷி எல்லாவற்றையும் பார்த்தாள். பார்த்தது எதையும் யோசிக்கவில்லை.

ஏனென்றால் கராஜில் அதற்குள் ஒரு பெயர் அடிபட ஆரம்பித்திருந்தது.

"முகிலன் எங்க போனான்?" சிவராமகிருஷ்ணன் கேட்டார். "பிரேக்ல இருபது நிமிஷம் ஆளே இல்லையே. நாமெல்லாம் இங்கதானே இருந்தோம்?"

முகிலன் கடைசி நாற்காலியில் இருந்தான். முப்பத்து மூன்று வயது. கட்சிக்கு வந்து ஒரு வருடம்தான். அதற்குள் துணை அவைத்தலைவர். பேச்சு அப்படி. பழமைக் கட்சியில் ஏன் சேர்ந்தாய் என்று முதல் கூட்டத்தில் எதிர்க்கட்சித் தலைவி யாமினி கிண்டலாகக் கேட்டபோது அவன் சொன்ன பதிலை நாற்பது குடும்பங்களும் ரசித்தன: "பொருநைச் சட்டத்தோட முதல் பிரிவு, பிறப்பால இங்க யாரும் மேலயும் இல்ல, கீழயும் இல்லங்குது. எனக்கு அதை மாத்த வேணாம். அப்படியே காப்பாத்தணும். அப்ப நான் பழமைவாதிதானே?"

"கடைக்குப் போனேன் அங்கிள்" என்றான் இப்போது.

"எதுக்கு?"

முகிலன் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னத் தகர டப்பாவை எடுத்து பிங்பாங் மேசையில் வைத்தான். மின்ட் மிட்டாய். கராஜ் கூட்டங்களில் அது வாடிக்கை. இடைவேளை முடிந்ததும் டப்பா கை மாறும். எல்லோரும் ஆளுக்கு இரண்டாக எடுத்துக்கொள்வார்கள். 'மின்ட் துறை அமைச்சர்' என்று சிவராமகிருஷ்ணனே பட்டம் கொடுத்திருந்தார். மிச்சத்தோடு டப்பா விசாலாக்ஷியின் கைப்பைக்குள் போய்விடும். லைப்ரரியில் நடக்கும் அவைக் கூட்டங்களுக்கு மட்டும் அவன் கொண்டுவர மாட்டான். எங்கடா என்று கேட்டால், "மறந்துட்டேன்க்கா" என்பான்.

"மின்ட் வாங்க இருபது நிமிஷமா?"

"க்யூ இருந்துச்சு."

"சைடு கேட் வழியா பின்னால போகலாம். பின்னாலேருந்து கிச்சன் வழியா உள்ள போகலாம்" என்றார் சிவராமகிருஷ்ணன், பொதுவாகச் சுவரைப் பார்த்து.

சேனாபதி தரையைப் பார்த்தார். நாகரத்தினம் கதவு நிலையில் வந்து நின்றிருந்தார். புடவைத் தலைப்பில் விரல்களைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"கார்ல வேணா பாத்துக்கங்க" என்றான் முகிலன்.

தெருவில் ஏழு கார்கள் நின்றன. திறக்கப்பட்டது ஒன்று. டிக்கியில் குழந்தைத் தள்ளுவண்டி, ஒரு பெட்டி டயப்பர், டேகேரிலிருந்து வந்த மெழுகுக் கலர் ஓவியம் ஒன்று. விசாலாக்ஷிதான் தேடினாள். தொழில்முறையாக, ஸ்டெப்னி குழி வரைக்கும் கையை விட்டுத் தேடினாள். முகிலன் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றான். எதிர் வீட்டுக்காரர் புல்லுக்குத் தண்ணீர் விடுவதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்.

இல்லை.

"நாளைக்கு ரெண்டு மணி வரைக்கும் டைம்" என்றார் சிவராமகிருஷ்ணன். "மணி வரலேன்னா, நம்ம கட்சிலேயே ஒருத்தர் எடுத்துட்டார்னு பேரோட குரூப்ல போட்டுடுவேன். வேற வழியில்லை. ஆட்சி போறது பெரிசில்லை, மானம்."

குரூப் என்றால் நாற்பது குடும்பங்கள். அதில் முகிலனின் டீம் லீட் இருந்தார். அவன் மனைவி வெண்பா பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் குழந்தைகளின் அம்மாக்கள் இருந்தார்கள். திருடன் என்ற பெயர் ஒருமுறை அந்தக் குரூப்பில் ஏறினால் சான் ஹோசே வரைக்கும் போகும், இறங்காது.

கூட்டம் கலைந்தது. முகிலன் காருக்குள் உட்கார்ந்திருந்தான், ஸ்டார்ட் பண்ணாமல். விசாலாக்ஷி பக்கத்து சீட்டுக் கதவைத் திறந்து ஏறிக்கொண்டாள்.

"எங்க போன?"

"சொன்னேனேக்கா. கடைக்கு."

"எந்தக் கடை?"

"மௌரில. கேஸ் ஸ்டேஷன்."

"உள்ள போனியா?"

"கேஸ் ஸ்டேஷன் உள்ளயா?"

"வீட்டுக்குள்ள."

"இல்ல."

"மணி எங்க இருந்தது?"

"தலைவர் ஆபீஸ் ரூம்னு நெனச்சேன். நீங்கல்லாம் சாமி ரூம்னு பேசினப்பதான் தெரியும்."

"சாமி ரூம் எங்க இருக்கு?"

அவன் யோசித்தான். "மாடியிலயா?"

விசாலாக்ஷி அவன் முகத்தையே பார்த்தாள். இருபது வருடமாகப் பொய்யர்களோடு பழகியவள். பொய் சொல்கிறவன் தெரியாது என்பான். தப்பாக ஊகித்துவிட்டு, சரியா என்று எதிராளியின் கண்ணைப் பார்க்க மாட்டான். இவன் பார்த்தான்.

ஒரு வருடமாக மாதாமாதம் இந்த வீட்டுக்கு வருகிறவன். மதியம் சாப்பிட்டு, டீ குடித்து, சாயங்காலம் வரை இருக்கிறவன். பாத்ரூமுக்கு ஒரே ஒரு தடவை போயிருந்தாலும் அந்தக் கண்ணாடிக் கதவைப் பார்த்திருப்பான்.

"முகில், நீ அந்த வீட்டு பாத்ரூமுக்குப் போனதே இல்லையா?"

அவன் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தான்.

"அக்கா, விடுங்க."

"சொல்லு."

"ரிப்பேர்னாங்க."

"எப்ப?"

"முதல் தடவை வந்தப்ப. அப்புறம் இன்னொரு தடவை கேட்டேன். இன்னும் ரிப்பேர்தான்னாங்க. அதுக்கப்புறம் கேக்கல." சிரிக்கப் பார்த்தான். "இறங்கறீங்களா? பாப்பா எழுந்திருச்சிருப்பா."

கார் போன பிறகும் அவள் தெருவிலேயே நின்றாள். பிறகு மௌரியை நோக்கி நடந்தாள்.

நாலே முக்கால். கேஸ் ஸ்டேஷன் என்ற அந்தப் பெட்ரோல் பங்க்கின் கடையில் கல்லாவுக்குப் பின்னால் இருந்தவர் போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். ரெஸ்ட்ரூம் சாவி வேண்டும் என்றாள். அவர் தலையைத் தூக்காமல் விரலால் மேலே காட்டினார். அட்டையில் எழுதி ஒட்டியிருந்தது: கழிவறை, பொருள் வாங்குவோருக்கு மட்டும்.

கல்லாவின் முன்னால் எதை வாங்கலாம் என்று பார்த்தாள். கை எட்டும் தூரத்தில், கடையிலேயே விலை குறைந்த பொருளாக, அந்தத் தகர டப்பாக்கள் அடுக்கியிருந்தன.

ஒன்று வாங்கினாள். மரக்கட்டையில் கட்டிய சாவி ஒன்றை அவர் நீட்டினார். கடையைச் சுற்றி, குப்பைத் தொட்டிகளைத் தாண்டிப் போக வேண்டும். கதவருகே இரண்டு பேர் நின்றார்கள். முகிலன் சொன்னது சரி. க்யூ இருந்தது.

அவள் வரிசையில் நின்றாள். வாயில் பழக்கதோஷத்தில் போட்டுக்கொண்ட மின்ட் கரைந்துகொண்டிருந்தது. வருடம் முழுக்கத் தாங்கள் என்ன தின்றோம் என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. குப்பைத் தொட்டியின் பக்கம் திரும்பித் துப்பினாள்.

அதன்பின் மற்றதெல்லாம் தானாக வந்தது. போன தீபாவளிக் கூட்டம், சேனாபதியின் ஹால். சோபாவில்தான் அப்போதெல்லாம் கட்சி கூடும். டபரா டம்ளரில் காப்பி வரும். புதிதாக வந்த பையனிடம் நாகரத்தினம் ஊர் கேட்டார். கோபிச்செட்டிப்பாளையம் பக்கம் என்றதும் முகம் மலர்ந்தது. "அட, நம்மூருங்களா! ஊருக்குள்ள எந்த வீதி?" அவன் சாதாரணமாகச் சொன்னான்: "வீதியில இல்லைங்க. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்." நாகரத்தினத்துக்கு அடுப்பில் பால் ஞாபகம் வந்து உள்ளே போனார். மயிலாப்பூரில் வளர்ந்த விசாலாக்ஷிக்கு அந்தப் பதில் வெறும் முகவரியாகத்தான் கேட்டது. வீதியைக் கேட்பது எதை அறிய என்று அவளுக்குத் தெரியாது என்பதில்லை. மயிலாப்பூரில் அதை வேறு விதமாகக் கேட்பார்கள், அவ்வளவுதான்.

அடுத்த மாதத்திலிருந்து கூட்டம் கராஜுக்கு மாறியது. ஹாலில் புதுக் கார்ப்பெட் என்றார் சேனாபதி. எல்லோருக்கும் பேப்பர் கப். எல்லோருக்கும் என்பதால் யாருக்கும் உறைக்கவில்லை.

ஐந்தரைக்கு அவள் திரும்பி வந்தபோது சிவராமகிருஷ்ணன் கராஜில் போனை வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாகத் தட்டிக்கொண்டிருந்தார். "டிராஃப்ட் போடறேன்" என்றார்.

"உள்ள வாங்க அங்கிள். டிராஃப்டைக் கொண்டுவாங்க."

சமையலறையில் சேனாபதியும் நாகரத்தினமும் நின்றுகொண்டிருந்தார்கள். பேசிக்கொண்டிருந்தவர்கள் மாதிரி இல்லை; பேசி முடித்தவர்கள் மாதிரி இருந்தார்கள்.

"அக்கா, இன்னிக்குச் சமையல்ல புளி எதுல போட்டீங்க?"

நாகரத்தினம் சிங்க்கைத் திரும்பிப் பார்த்தார்.

"எலுமிச்சை சாதம், தயிர் சாதம், வறுவல். எதுலயும் புளி கிடையாது. ஆனா சிங்க்ல புளிச் சக்கை கிடந்தது. புளி பித்தளை தேய்க்கவும் ஆகும். விளக்குத் தேய்ச்சீங்களான்னா, வெள்ளிக்கிழமை வெச்ச குங்குமம் விளக்குல காஞ்சு அப்படியே இருக்கு. சாமி ரூம்ல விளக்கை விட்டா தேய்க்கற மாதிரி வேற என்ன பித்தளை இருந்தது?"

"விசாலாக்ஷி..." என்றார் சேனாபதி.

"வாளியை நான் எடுத்துட்டு வரவா, நீங்க எடுத்துட்டு வரீங்களா?"

நாகரத்தினம்தான் போனார். தட்டை எடுத்தார். புளித்தண்ணீரில் மஞ்சள் கரைத்திருந்தது. முழங்கை வரை கையை விட்டு மணியை எடுத்து, தண்ணீர் சொட்டச் சொட்டக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். பழுப்பெல்லாம் போய், இன்று வார்த்தது போல வெளுத்திருந்தது. நாக்கு ஆடி, ஒரு தடவை ஒலித்து நின்றது.

சிவராமகிருஷ்ணன் குனிந்து மணியைப் பார்த்தார். "இது எதுக்கும்மா?"

"போன மாசம் உங்களுக்கு இருமல் அங்கிள். அவைல மணி அடிச்சது யாரு?"

"முகிலன்."

"அவன் மணியைக் கையில பிடிச்சுண்டு நிக்கற போட்டோவை யாமினி இன்னிக்கு மதியம்தான் குரூப்ல போட்டா. 'எதிர்க்கட்சியை அடக்கும் மணியோசை'ன்னு. நாமெல்லாம் ஹார்ட் போட்டோம். அக்காவும் அந்தக் குரூப்ல இருக்காங்க."

அவருக்குப் புரிய நேரம் பிடித்தது. புரிந்ததும் முகம் தொங்கியது.

"சாயங்காலமே எடுத்து வெச்சிருப்பனுங்க" என்றார் நாகரத்தினம். குரல் மெதுவாக, கோபமில்லாமல் இருந்தது. "இவரு நாளைக்குக் காத்தாலதான் தேடுவாருன்னு நெனச்சேன். தப்புன்னு தெரியாதாங்க எனக்கு? எம்பொண்ணு காலேஜ்ல இதையெல்லாம் எதுத்துப் பேசறா. நானும் சரின்னுதான் சொல்றேன். ஆனா சாமி முன்னால நின்னு கண்ண மூடினா அந்த போட்டோதான் வருது. கை தானாப் போய் எடுத்துருச்சு."

"அது சரிக்கா. அவன் கார் டிக்கியை நான் குடைஞ்சப்ப நீங்க வாசல்ல நின்னீங்களே. அப்ப கை என்ன பண்ணித்து?"

நாகரத்தினம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"பாத்ரூம் ரிப்பேர்னு சொன்னது இவ இல்லீங்க" என்றார் சேனாபதி. "நாந்தான். கராஜும் என்ற ஐடியாதான். அவனுக்குத் தனியா எதும் செஞ்சா சங்கடப்படுவானேன்னுதான் எல்லாருக்குமே..." வாக்கியம் எங்கே போகிறது என்று அவருக்கே கேட்டிருக்க வேண்டும். நிறுத்திக்கொண்டார்.

"ரிப்பேரா?" என்றார் சிவராமகிருஷ்ணன். "நான் இன்னிக்குக்கூடப் போனேனே."

"நானும்தான் போனேன். மாசாமாசம் போறேன். அந்த இருபது நிமிஷம் அவன் கேஸ் ஸ்டேஷன் வாசல்ல நிக்கறான் அங்கிள். சாவி வாங்க ஏதாவது வாங்கணும். அதைத்தான் கொண்டுவந்து நமக்குக் குடுக்கறான். லைப்ரரில பாத்ரூம் இருக்கு. அங்க மட்டும் மின்ட் வராது. நானும் வாங்கி வாங்கிப் பைல போட்டுண்டேன். சி.பி.ஐ.!"

கிழவர் போனைப் பார்த்தார். டிராஃப்ட் இன்னும் திரையில் இருந்தது. ஓர் எழுத்தாக அழிக்க ஆரம்பித்தார்.

"முதல் பிரிவு நான் எழுதினதும்மா" என்றார். "எல்லாரும் கை தட்டினா."

"மணி காணோம்னதும் ஏன் அங்கிள் முதல்ல அவன் பேரைச் சொன்னீங்க?"

அவர் அழிப்பதை நிறுத்தினார்.

சேனாபதி மணியைத் துண்டால் துடைத்தார். "நாளைக்கு மணி கெடச்சிருச்சுன்னு மட்டும் சொல்லிக்கலாமுங்க. சோபாக்கடியில கெடந்துச்சுன்னு. அவன் பேரும் கெடாது, நம்ம பேரும்..."

"அதை அவன்கிட்டதான் கேக்கணும்."

அவள் வாசலுக்கு வந்து போன் செய்தாள். பின்னணியில் குழந்தை சிணுங்கியது. எல்லாவற்றையும் சொன்னாள். முகிலன் ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"சொன்னா, நாற்பது குடும்பமும் என்னைப் பாக்கறப்ப வேற மாதிரிப் பாக்கும்க்கா. பாவம்ங்கற மாதிரி. சொல்லலைன்னா டிக்கியைத் திறந்து காட்டினவன். எது பெட்டர்?"

"எனக்குத் தெரியல முகில்."

"யோசிக்கிறேன்."

"முகில், டிக்கியைத் தேடினது நான்."

"தெரியும்க்கா" என்றான். "நான் பக்கத்துலதானே நின்னேன்."

ஞாயிற்றுக்கிழமை, மதியம் இரண்டு மணி. லைப்ரரி ஹால். மேசை நடுவில் மணி. வழக்கத்தைவிட வெளுப்பாக இருந்ததால் எல்லோர் கண்ணும் அதில்தான். கார் டிக்கி விஷயம் எப்படியோ அதற்குள் பரவியிருந்தது. முகிலனுக்கு இரண்டு பக்கத்து நாற்காலிகளும் காலியாக இருந்தன. வெண்பா பின்வரிசையில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி இருந்தாள்.

சிவராமகிருஷ்ணன் அவைத்தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தார். மணியை எடுக்கக் கை நீட்டி, எடுக்காமல் மடியில் வைத்துக்கொண்டார்.

பிரதமர் எழுந்தார். "அவை மணி காணாமப் போனதாக ஒரு வதந்தி. மணி கெடச்சிருச்சு. யாரும் எடுக்கல. அத்தோட இந்த விஷயம்..."

"எங்க கிடைச்சுது பிரதமரே?" எதிர் வரிசையிலிருந்து யாமினி. "சோபாவுக்கு அடியிலயா?"

ஹால் சிரித்தது. யாமினிக்கு ஒன்றும் தெரியாது. வாய்த்துடுக்கில் வந்த கேலி. ஆனால் சேனாபதியின் வாய் திறந்தபடியே நின்றது. அவர் சொல்ல வைத்திருந்த ஒரே பொய்யை அவள் சொல்லிவிட்டாள்.

"யாரும் எடுக்கலைன்னா நேத்து எதுக்கு ஒருத்தரோட காரை மட்டும் செக் பண்ணீங்க?" யாமினி இப்போது சிரிக்கவில்லை. "அவைக்குச் சொல்லுங்க."

ஆளுங்கட்சி வரிசை முழுவதும் தரையைப் பார்த்தது. பிறகு ஒவ்வொருவராகக் கொறடாவைப் பார்த்தார்கள். சங்கடமான கேள்வி வந்தால் கட்சியை வாய்மூட வைப்பது கொறடாவின் வேலை.

விசாலாக்ஷி முகிலனைப் பார்த்தாள்.

அவன் மேசையிலிருந்த மணியையே பார்த்துக்கொண்டிருந்தான். திரும்பி வெண்பாவைப் பார்த்தான். அப்புறம் விசாலாக்ஷியைப் பார்த்து, லேசாக, ஒரே ஒரு தடவை தலையசைத்தான்.

அவள் எழுந்து மேசைக்குப் போனாள். கைப்பையைத் திறந்து, அடியில் கிடந்த தகர டப்பாக்களை ஒவ்வொன்றாக எடுத்து மணிக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்தாள். மாதத்துக்கு ஒன்று. சிலது காலி, சிலதில் ஒன்றிரண்டு உருண்டன. கட்சிக்காரர்களுக்கு அந்த டப்பாக்களைத் தெரியும். பழக்கத்தில் யாரோ ஒருவர் கை நீட்டக்கூடப் போய், பாதியில் இழுத்துக்கொண்டார்.

"இது என்ன?" என்றாள் யாமினி.

"இதெல்லாம் நாங்க சாப்பிட்டது" என்றாள் விசாலாக்ஷி. "எங்க வாங்கினது, யார் வாங்கினது, எதுக்காக வாங்க வேண்டியிருந்ததுன்னு சொல்றேன். உட்காருங்க."